எழுபத்தெட்டில் திறக்கும் வால்வு

என் நாட்குறிப்பில் காருக்கென்று சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறேன். திகதி, போன இடம், தூரம், ஊற்றிய பெற்றோல், எண்ணெய் மாற்றிய நாள் என்று பத்திகள். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘கொதித்த இடம்’. அது ஆரம்பத்தில் இருக்கவில்லை. மனைவி மேலே போன பிறகு அடிமட்டத்தை வைத்துக் கோடு கிழித்துச் சேர்த்தேன்.

மேலே என்றால் ஹேவாஹெட்டவுக்கும் மேலே, தேயிலைக்கு நடுவே இருக்கும் ஒரு தோட்டப் பாடசாலை. அங்கே அவளுக்கு அதிபர் பதவி கிடைத்தது. பாடசாலைக்குப் பக்கத்திலேயே இரண்டு அறைகளுடன் குவார்ட்டர்ஸ். எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டையில். நான் கண்டியில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். மகன் வெளிநாடு போய்விட்டான். ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வெள்ளிக்கிழமை நான் காரில் போய் அவளைக் கூட்டிவருவேன், ஞாயிறு பிற்பகல் கொண்டுபோய் விடுவேன். இடையில் இருக்கும் ஐந்து நாட்களைப் பற்றி நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

கார் முப்பது வயதைத் தாண்டிய ஜப்பான் கார். தலாத்துஓயா வரைக்கும் அதற்கு ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு ஏற்றம் தொடங்கும். மாரஸ்ஸன தாண்டியதும் சூட்டு முள் நடுக்கோட்டை விட்டு எழும்பும். நான் கண்ணாடியைத் திறந்துவிட்டு, இரண்டாம் கியரில், முள்ளையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்தபடி ஓட்டுவேன். அந்த நேரத்தில் என்னோடு பேசக்கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

ஹேவாஹெட்டவுக்கு நாலைந்து வளைவுகள் இருக்கும்போது வீதியோரத்தில் ஒரு பீலி இருக்கிறது. பாறையிலிருந்து வரும் தண்ணீரை யாரோ ஒரு குழாயில் பிடித்து வீதிக்கு விட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அங்கேதான் கொதிக்கும், அல்லது கொதிக்கப் போகிறது என்று நான் நிறுத்துவேன். பொனட்டைத் திறந்து வைத்தால் முப்பத்தைந்திலிருந்து நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ரேடியேட்டர் மூடியில் கை வைக்க முடியாது.

அந்த நாற்பது நிமிடத்தில் அவள் ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியில் தேநீர் ஊற்றித் தருவாள். பீலிக்குப் பக்கத்து மதகின் கட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு பாடசாலைக் கதைகள் சொல்வாள். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி, வருகைப் பதிவேட்டில் தன் பெயர் வரும்போது “இருக்கேன், ஆனா பசிக்குது” என்று பதில் சொன்னாளாம். ஆசிரியர் ஒருவர் மழை பெய்தால் தன் குரல் பிள்ளைகளுக்குக் கேட்காது என்று எழுதிக் கொடுத்து லீவு கேட்டாராம். நான் சிரிப்பேன். எப்போதாவது நானும் அலுவலகத்தைப் பற்றிச் சொல்வேன். பிறகு ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, பீலித் தண்ணீரை ஊற்றி, கிளம்புவோம். பதினொரு மாதத்தில் பத்தொன்பது தடவை கொதித்திருக்கிறது. அதில் பதினான்கு தடவை அந்த ஒரே இடத்தில். எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை. மதகுக் கட்டின்மேல் உட்கார முடியவில்லை. காருக்குள்ளேயே இருந்தோம். கண்ணாடியெல்லாம் நீராவி படர்ந்துவிட்டது. அரை மணித்தியாலம் போனதும் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மறுநாள் காலை வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம், கோப்புகள் இன்னும் ஒழுங்குபடுத்தவில்லையாம். அந்த நேரத்தில் கீழேயிருந்து பஸ் ஒன்று வந்தது. அவள் இறங்கி, கை காட்டி நிறுத்தி, குடையையும் பையையும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள். “நீங்க ஆறவிட்டு மெதுவா வீட்டுக்குத் திரும்பிருங்க, மேல வர வேணாம்” என்று பஸ் படியில் நின்று சொன்னாள். அன்று ‘கொதித்த இடம்’ என்ற பத்தியில் ‘பீலி’ என்று எழுதி, பக்கத்தில் ‘மழை’ என்றும் எழுதினேன்.

அந்த வாரமே காரைக் கெலிஓயாவுக்குக் கொண்டுபோனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு பாஸ் இருக்கிறார். எங்கள் பக்கத்தில் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் சொல்வோம். ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கடைசியில் என்ஜின் தலைப்பக்கம் இருந்த ஒரு மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு பித்தளைச் சாமானை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தெர்மோஸ்டட் வால்வு. என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் கதவு அது. குளிராக இருக்கும்போது மூடியிருந்து என்ஜினைச் சூடேற விடும். போதிய சூடு வந்ததும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும். என்னுடையது களிம்பேறிப் பாதியில் இறுகியிருந்தது.

புதிதாக ஒன்று போடுவோமா என்று கேட்டேன்.

“எதுக்கு சேர்? குளிர் நாட்டுக்காரன் அவனுக்குச் செஞ்சது இது. நம்ம நாட்டுச் சூட்டுக்கு கழட்டிப் போட்டாச் சரி. நான் எல்லாக் காருக்கும் அப்படித்தான் செய்றேன்.”

நான் ஒத்துக்கொண்டேன். கழற்றிய வால்வை ஒரு காகிதத்தில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தேன். என்ஜினில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மேலே போனபோது கார் கொதிக்கவில்லை. பாஸ் சொன்னது சரி என்று நினைத்தேன். ஆனால் அவளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது முள் அடிக்கோட்டிலேயே படுத்துவிட்டது. மழைத் தூறல், நல்ல குளிர். ஹீட்டரைத் திருகினால் குளிர்காற்றுதான் வந்தது. அவளுக்கு முழங்கால் வலி உண்டு. பழைய நாட்களில் அந்த இறக்கம் முழுக்க ஹீட்டர் காற்றைக் காலுக்குத் திருப்பிவிட்டுக்கொண்டு தூங்குவாள்.

“ஹீட்டரும் போச்சா?” என்றாள்.

வால்வைக் கழற்றிவிட்ட விஷயத்தைச் சொன்னேன். என்ஜின் சூடேறவே அதிக நேரம் எடுக்கும் என்பதையும் சொன்னேன்.

“நல்ல கதைதான். முந்தி கொதிச்சுக்கிட்டே இருந்திச்சு, இப்ப சூடே ஏறாது. நடுவுல ஒண்ணு கெடையாதா உங்க காருக்கு?”

தலாத்துஓயா வரும்வரை கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருமல். திங்கட்கிழமை அதிகாலை பஸ்ஸில் போனாள். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னாள்: “காரு சரியாகட்டும். அது வரைக்கும் நான் மேலேயே இருந்துக்கிறேன்.”

அதை நான் அப்படியே, அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்தேன். கார் சரியானால் வருவாள். வேறு அர்த்தம் அதற்கு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

நடுவில் ஒன்று கிடையாதா என்று அவள் கேட்டதை யோசித்துப் பார்த்தேன். கிடைக்கும். இழுப்பறையிலிருந்த பழைய வால்வின் விளிம்பில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் 88 என்று பொறித்திருந்தது. எண்பத்தெட்டுப் பாகையில் திறக்கும். அதே அளவில் எழுபத்தெட்டில் திறப்பதும் உண்டு என்று தேடி அறிந்தேன். பத்துப் பாகை முன்னதாகத் திறந்தால் ஏற்றம் தொடங்கும்போதே தண்ணீர் முழுதாக ஓடிக்கொண்டிருக்கும். குளிரில் மூடிக்கொள்ளும் என்பதால் ஹீட்டருக்கும் சூடு கிடைக்கும். கட்டுகஸ்தோட்டையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முதலாளிக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொன்னேன். மூன்று நாளில் எடுத்து வைத்திருந்தார். சிறிய பெட்டி. வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

காரில் பூட்டுமுன் சோதித்துப் பார்ப்பது என்று தீர்மானித்திருந்தேன். அவள் பால் காய்ச்சும் சட்டியில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். அவள் ஜாம் காய்ச்சப் பயன்படுத்தும் வெப்பமானி குசினி அலுமாரியில் இருந்தது. அதையும் தண்ணீரில் விட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். அறுபது, எழுபது, எழுபத்தைந்து. எழுபத்தெட்டில் அது அசையவில்லை. எண்பத்தைந்திலும் அசையவில்லை. எண்பத்தேழு தாண்டியதும் மெதுவாக வாய் திறந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். 88.

கடைக்குத் திரும்பப் போனேன். முதலாளி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் வாயில் ‘சொல்’ என்பது ‘செல்’ என்றுதான் வரும்.

“நீங்க எண்பத்தெட்டுண்டுதானே சென்னீங்க, சேர்?”

“எழுபத்தெட்டுன்னு சொன்னேன்.”

“ஃபோன்ல ரெண்டும் ஒண்ணு போலத்தான் கேக்குது. இனிமே இங்கிலிஷ்ல செல்லுங்க. இல்லாட்டி கடைக்கி வந்து மொகத்தப் பாத்துச் செல்லுங்க.” பக்கத்தில் நின்றவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “பத்துப் பாகைக்காக மனிசன் பாலத்தத் தாண்டித் திரும்ப வந்தீக்கிறாரு.”

இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார். அதையும் சட்டியில் போட்டேன். எழுபத்தெட்டில் விளிம்பு விலகியது. தொண்ணூறு ஆகும்போது முழுதாகத் திறந்திருந்தது. தண்ணீர் ஆற ஆற மறுபடி மூடிக்கொண்டது. மூன்று தடவை செய்து பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே பாகை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தபோது, அந்த அடுப்பில் இரண்டு வாரமாகத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வைக்கவில்லை என்று நினைவு வந்தது. சாப்பாடு கடையில்தான்.

சனிக்கிழமை காலை முற்றத்தில் வைத்து நானே பூட்டினேன். பாஸிடம் கொண்டுபோனால் மறுபடி கழற்றிவிடுவார் என்ற பயம். பேசினில் தண்ணீரை வடியவிட்டேன். வால்வு மூடியைப் பிடித்திருந்தது இரண்டே இரண்டு திருகாணி. பழைய பசையைச் சவர அலகால் சுரண்டி எடுக்க மட்டும் ஒரு மணித்தியாலம் போனது. வால்வின் விளிம்பில் ஒரு சின்ன ஊசி ஆடிக்கொண்டிருக்கும். அது மேல்பக்கம் பார்க்க வேண்டும், காற்று வெளியேறுவதற்கு. அப்படியே வைத்தேன். புது ரப்பர் வளையம். மூடி. கூலன்ற் கலந்த தண்ணீரை ஊற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே வைத்து என்ஜினை ஓடவிட்டேன்.

இனிக் காத்திருப்பதுதான் வேலை. மேல் ஹோஸில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். குளிர்ந்த ரப்பர். குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன. பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சட்டென்று, ஓர் ஆள் மூச்சு விட்டதுபோல, ஹோஸ் என் கைக்குள் சூடானது. திறந்துவிட்டது. நான் கையை எடுக்கவில்லை. சுடும் வரைக்கும் வைத்திருந்தேன். முள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே வந்து நின்று, அங்கேயே இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்றார். வெயில் நன்றாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன்.

அவளை அன்று தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. அங்கே சிக்னல் இல்லை, வராந்தாவின் ஒரு மூலையில் நின்றால்தான் பேசலாம். புதன்கிழமை மாலை கிடைத்தாள்.

“சரியாகிடுச்சு. எழுபத்தெட்டுல திறக்குது” என்றேன்.

“என்ன திறக்குது?”

“வால்வு. காரு சரியாகிடுச்சு.”

அவள் பக்கம் காற்று இரைந்தது. “சரி, வர்ற வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்” என்றாள். தொடர்பு அறுந்துவிட்டது.

நாட்குறிப்பில் வெள்ளிக்கிழமைக்கு நேரே ‘வருகிறாள்’ என்று எழுதினேன். வியாழக்கிழமை வீட்டைக் கூட்டினேன். மெத்தை விரிப்பை மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு. ஒன்றரைக்குக் கிளம்பினேன். தலாத்துஓயாவில் முள் நடுக்கோட்டுக்குக் கீழே. மாரஸ்ஸனவில் நடுக்கோடு. அதற்கு மேல் ஏற்றம் முழுவதும் அந்தக் கோட்டிலேயே நின்றது. பீலியைக் கடக்கும்போது யாரோ ஒரு பெண் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அந்த இடத்தை நான் மூன்றாம் கியரில் தாண்டினேன். மூன்று மணிக்கெல்லாம் மேலே போய்விட்டேன். அவ்வளவு சீக்கிரம் ஒருநாளும் போனதில்லை.

அவள் வராந்தாவில் மேசை போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலையில் கம்பளித் தொப்பி. பை எதுவும் கட்டியிருக்கவில்லை.

“என்ன, இன்னைக்கி வந்திருக்கீங்க?”

“வர்ற வெள்ளிக்கிழமைன்னு சொன்னியே.”

“ஃபோன்ல பேசலாம்னு சொன்னேங்க.”

“நீ வர்ற வெள்ளிக்கிழமைன்னு நெனச்சேன்.”

அவள் பேனாவை மூடி வைத்தாள். கோபம் இல்லை அவள் முகத்தில். சிறு பிள்ளைக்குப் பிழை திருத்துவதுபோல மெதுவாகச் சொன்னாள்: “கெழமைதாங்க வருது. நான் வர்றேன்னு சொல்லல.”

உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள். குடிக்கும்போது சொன்னாள். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். கேட்டிருந்தால் கண்டிக்கு மாற்றம் கிடைத்திருக்கும். அவள் கேட்கவில்லை. எப்போது கொடுத்தாய் என்றேன். திகதியைச் சொன்னாள். அந்த மழை ஞாயிறுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை அது.

“அப்ப, காரு சரியாகட்டும்னு சொன்னது?”

அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரியாகாதுன்னு நெனச்சேன்.”

நான் என் கோப்பையைக் கீழே வைத்தேன். பனிமூட்டம் பாடசாலை மைதானத்தைத் தாண்டி வராந்தா வரைக்கும் வந்திருந்தது. அவள் கேட்டாள்.

“பீலியில நிப்பாட்டினீங்களா?”

“இல்ல. தேவைப்படல.”

தலையை ஆட்டினாள்.

இருட்டுமுன் இறங்கிவிட வேண்டும் என்று நான் எழுந்தபோது குடையோடு கார் வரைக்கும் வந்தாள். ஹீட்டரைப் பார்க்கிறாயா என்று கேட்டேன். முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். என்ஜினை ஓடவிட்டேன். சில நிமிடங்களில் சூடு வந்தது, நல்ல சூடு. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் காற்றுக்கு நேரே பிடித்தாள்.

“இப்ப வருது” என்றாள்.

பத்து நிமிடம் இருந்திருப்போம். தூறல் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது, உள்ளே நீராவி படரவில்லை. முள் அசையாமல் நின்றது. பிறகு அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

“அலுமாரியில கீழ்த்தட்டுல அந்த ரெண்டு கம்பளியும் இருக்கு. அடுத்த தடவ வரும்போது எடுத்துக்கிட்டு வாங்க. தையல் மெஷினையும். காரு இப்ப பாரம் இழுக்கும்தானே?”

“இழுக்கும்” என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். ‘மழை. பகல் சாப்பாடு கடையில். விசேஷம் ஒன்றுமில்லை’ என்று எழுதியிருந்தேன். மை கொஞ்சம் கூடப் பரவவில்லை, தெளிவான எழுத்து.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை கம்பளிகளைப் பின்சீற்றில் வைத்தேன். தையல் மெஷினைப் பழைய விரிப்பில் சுற்றி, அசையாதபடி கயிற்றால் கட்டினேன். ஜாம் வெப்பமானியையும் எடுத்து வைத்தேன். அதை அவள் கேட்கவில்லை. அவ்வளவு பாரத்தோடும் மாரஸ்ஸனவுக்கு மேலே முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

பீலி வந்ததும் நிறுத்தினேன். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. இறங்கி, பொனட்டைத் திறந்து கம்பியைக் கொடுத்து நிறுத்திவிட்டு, மதகுக் கட்டின்மேல் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் குழாயிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. ஃபிளாஸ்க் என்னிடம் இல்லை. கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன், நாற்பது நிமிடம் எண்ணுவதற்கு.

கால் மணித்தியாலம் போயிருக்கும். மேலேயிருந்து வந்த முச்சக்கரவண்டி ஒன்று வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டித் திறந்திருந்த பொனட்டைப் பார்த்தார்.

“கொதிச்சிருச்சா, சேர்?”

“ஆமா” என்றேன்.

அவர் இறங்கி, தன் வண்டியிலிருந்து ஒரு வெற்றுப் போத்தலை எடுத்துப் பீலியில் நிரப்பி என் பக்கத்தில் கட்டின்மேல் வைத்தார். “அவசரப்பட்டு மூடியத் தெறந்திராதீங்க. நல்லா ஆறட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.